பஞ்சு பொம்மை வேண்டாம், நம்ம ஊர்ப் பனிக்காலத்துல சின்னப் பிள்ளைகளோட என்ன கைவேலை செய்யலாம்?

ஏற்காடு அம்மா:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. பாப்பாவுக்கு நாலரை வயசு, எல்.கே.ஜி. படிக்கிறா. ஸ்கூல்ல இருந்து 'விண்டர் கிராஃப்ட்'னு ஒரு தாள் வந்திருக்கு. பஞ்சுல பனிமனிதன், தெர்மாகோல் உருண்டையில பனிமழை, ஒரு ஜோடி காகிதக் கையுறை. போன வருஷமும் இதேதான் கேட்டாங்க. பாப்பா தூங்கினதுக்கப்புறம் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் நானே உக்காந்து ஒட்டினேன். பத்து நாள் கழிச்சு அலமாரியில இருந்து எடுத்தா பஞ்சு பூரா கருப்புப் புள்ளி. இங்க கார்த்திகை பொறந்துட்டா துவைச்ச துணியே மூணு நாளைக்குக் காயாது, பசை எங்க காயும்?

அதைவிட மனசைத் தொட்டது வேற ஒண்ணு. அந்தப் பொம்மையைக் காட்டி பாப்பா, "இது யாரு செஞ்சதும்மா?"ன்னு கேட்டா. அவ பேரை எழுதி ஒட்டின பொம்மைங்க அது.

இந்த வருஷம் கார்த்திகையில இருந்து தை வரைக்கும் அவளே கையால செய்யற மாதிரி, இந்த மலையில கிடைக்கிற பொருளை வச்சு ஏதாவது செய்யணும்னு இருக்கேன். மூணுல இருந்து ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்களேன்.

எஸ்டேட் வீட்டுப் பொண்ணு:
அக்கா, ஏற்காட்டுல இருந்துகிட்டு நவம்பர், டிசம்பர்ல பொருளுக்கு எங்கயும் போக வேண்டாம். இப்பதான் காபிப் பழம் செவக்கிற நேரம். நான் எஸ்டேட் லைன் வீட்டுல வளர்ந்தவ. எங்க அம்மா பழம் பறிச்சுட்டு வந்ததும் எங்களுக்கு ஒரு கை தருவாங்க. பிதுக்கினா வழவழன்னு ரெண்டு கொட்டை, முகத்தோட முகம் ஒட்டினாப்பல வெளியே வரும். சில பழத்துல ஒரே ஒரு உருண்டைக் கொட்டைதான் இருக்கும், பீபெரின்னு சொல்வாங்க. அதை யார் முதல்ல கண்டுபிடிக்கிறதுன்னு எங்களுக்குள்ள போட்டியே நடக்கும். கொட்டையைக் கழுவிக் காய வச்சு, சாணி மெழுகின முறத்துல பூ மாதிரி, மயில் மாதிரி அடுக்குவோம். ஒட்டவே மாட்டோம். அடுக்குறது, கலைக்கிறது, மறுபடி அடுக்குறது. பசையே இல்லாததால பனியில கெடுறதுக்கும் ஒண்ணும் இல்லை.

இன்னொண்ணு, டிகாக்‌ஷன் ஓவியம். முதல் டிகாக்‌ஷன் கெட்டியா இருக்கும், ரெண்டாவது இளசு, மூணாவது வெறும் சாயத்தண்ணி. மூணையும் மூணு கிண்ணத்துல ஊத்தி ஒரு பிரஷ் கொடுத்துடுங்க. ஒரே பழுப்பு நிறம்தான், ஆனா கிட்ட இருக்கிற மரம் கருப்பா, அதுக்குப் பின்னாடி இருக்கிறது மங்கலா, தூரத்து மலை இருக்கா இல்லையான்னே தெரியாம வரையலாம். நம்ம மலை உச்சியில இருக்கிற பகோடா பாயின்ட்ல காலையில நின்னா கண்ணுக்குத் தெரியறது அதேதான். என் பையன் அஞ்சு வயசுல வரைஞ்சது இன்னும் சுவத்துல இருக்கு, நிறம் போகலை.

சில்வர் ஓக் இலையையும் விட்டுடாதீங்க. மேல பச்சை, அடியில வெள்ளி. இலையைக் காகிதத்துக்கு அடியில வச்சு மேல கிரேயான் தேய்ச்சா நரம்பு நரம்பா அப்படியே வரும். மூணு வயசுப் பிள்ளைக்குக்கூட கை வரும்.

ஆத்தூர் செவிலி:
நல்ல யோசனைகள். ஆனா தோட்டத்துல பிள்ளைகளைப் பொறுக்க விடறதுக்கு முன்னாடி சில விஷயம் சொல்லிடறேன், இதை யாரும் தாண்டிப் போயிடாதீங்க.

குன்றிமணி வேண்டவே வேண்டாம். சிவப்பும் கருப்புமா அழகா இருக்கு, பல்லாங்குழிக்கு வச்சிருந்தோம்னு சொல்வாங்க. முழுசா விழுங்கினா ஓடு கெட்டியா இருக்கிறதால சில நேரம் அப்படியே வெளியே வந்துடும். ஆனா கடிச்சுட்டாலோ, கோக்குறதுக்காக ஊசியில துளை போட்டிருந்தாலோ உள்ளே இருக்கிற விஷம் உயிருக்கே ஆபத்து. மஞ்சள் அரளிக் காய் இதயத்துடிப்பையே குழப்பிடும். ஊமத்தங்காய், ஆமணக்குக் கொட்டை இதுங்களும் கைவேலைக்கு ஆகாது. பிள்ளை வாயில போட்டுட்டான்னு சந்தேகம் வந்தாலே 108ஐக் கூப்பிடுங்க, மிச்சம் இருக்கிற விதையையும் கையோட எடுத்துட்டுப் போங்க. வீட்டுல உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க.

காபிக்கொட்டையும் மூணு வயசுக்குக் கீழே வேண்டாம். விஷம்னு சொல்லலை, மூச்சுக்குழல்ல போயிடும். அந்த வயசுப் பிள்ளை கையில கொடுக்கிற பொருள் எதுவும் அதோட மூடின கையைவிடச் சின்னதா இருக்கக் கூடாதுன்னு நான் தாய்மார்கிட்ட சொல்றது வழக்கம். சில்வர் ஓக் சில பேருக்குத் தோல்ல அரிப்பு கொடுக்கும், அதனால தேய்ச்சு முடிச்சதும் கை கழுவச் சொல்லுங்க.

எஸ்டேட் வீட்டுப் பொண்ணு:
சரிங்க அக்கா, அதைச் சொல்லாம விட்டது என் தப்பு. எங்க வீட்டுல கைக்குழந்தை இருந்தப்ப கொட்டையைப் பரண்லதான் வச்சிருந்தோம்.

குகை அப்பா:
சேலம் குகைப் பகுதியில இருக்கேன். நான் கொஞ்சம் வேற மாதிரி நினைக்கிறேன். பனிமனிதன் மேல எனக்குக் கோபம் இல்லை. என் பையன் சேலத்தைத் தாண்டினதில்லை, ஆனா யானையும் வரையறான், ராக்கெட்டும் வரையறான். பார்க்காததைச் செய்யக் கூடாதுன்னு சொன்னா பிள்ளைகளோட கற்பனைக்கு வேலி போட்ட மாதிரி ஆயிடும். பார்க்காத ஒண்ணை அவன் தொட்டுப் பார்க்க வழி செஞ்சா போதும்.

நாங்க செஞ்சது இது. ஒரு எவர்சில்வர் தட்டுல தண்ணி ஊத்தி, செம்பருத்தி இதழ், துளசி, ஒரு வட்டம் எலுமிச்சம்பழம் போட்டு, ஒரு நூலோட நுனியை உள்ளே விட்டு ஃப்ரீஸர்ல வச்சோம். மறுநாள் எடுத்தா பூ பதிஞ்ச பனித்தகடு. ஜன்னல் கம்பியில நூலைக் கட்டித் தொங்கவிட்டு அது உருகி முடியற வரைக்கும் ரெண்டு பேரும் பார்த்துட்டே இருந்தோம். இன்னொரு பனிக்கட்டி மேல கல் உப்பைத் தூவினோம். உப்பு விழுந்த இடம் மட்டும் சீக்கிரம் கரைஞ்சு குழி குழியா ஆச்சு. உப்பு சேர்ந்தா தண்ணி உறையணும்னா இன்னும் அதிகக் குளிர் வேணும், அதனாலதான் அந்த இடம் இளகுது. குழியில பீட்ரூட் தண்ணி ஊத்தினா சிவப்பு சுரங்கம். ஒரு மணி நேரம் ஓடிடுச்சு.

ஓவிய டீச்சர்:
குகை அப்பா சொல்வது எனக்கும் உடன்பாடுதான். பனிமனிதன் கூடாது என்பதல்ல என் கவலை. முப்பது பிள்ளைகளிடம் இருந்து முப்பது ஒரே மாதிரியான பனிமனிதன் வருகிறதே, அதுதான் கவலை. இருபது வருடமாகச் சின்ன வகுப்புகளுக்கு ஓவியம் எடுக்கிறேன். கண் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும் பொம்மையைப் பார்த்தாலே அம்மா செய்தது என்று தெரிந்துவிடும். நாலு வயதுப் பிள்ளை ஒட்டினால் ஒரு கண் நெற்றிக்குப் போகும், பசை வழிந்து தாள் சுருங்கும். அந்தத் தாளில்தான் பிள்ளை இருக்கிறது.

வயதுக்கு ஏற்ற வேலை எது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொண்டாலே பாதிச் சிக்கல் தீரும். மூன்று வயதில் கிழிப்பதும் பிசைவதும் அமுக்குவதும்தான் முழு வேலை. பழைய நாளிதழைக் கிழிக்கக் கொடுங்கள், அந்தச் சத்தமே அவர்களுக்குப் பிடிக்கும். நாலு வயதில் கத்தரிக்கோல் பிடிக்க வரும், ஆனால் நேர்க்கோட்டில் மட்டும், அதுவும் நாம் தாளைப் பிடித்துக்கொண்டால். முடிச்சுப் போடுவது ஐந்து, ஐந்தரைக்கு முன்னால் அநேகமாக வராது. மூன்று வயதுக்காரனிடம் கையுறை வெட்டச் சொன்னால் அதைப் பெற்றோர்தான் வெட்டுவார்கள்.

இன்னொரு விஷயம். நம் மொழியில் பனி என்றால் இலை நுனியில் நிற்கும் துளியும் அதுதான், மலையை மூடுவதும் அதுதான். மார்கழி, தை இரண்டும் முன்பனிக்காலம். மாசி, பங்குனி பின்பனிக்காலம். ஆகவே 'விண்டர்' என்ற தாளுக்கு உங்கள் வீட்டு ஜன்னலே போதும் ஏற்காடு அம்மா. காலையில் கண்ணாடி வேர்த்திருக்கும்போது விரலால் வரையச் சொல்லுங்கள். வரைந்த கோடு வழியாக வெளியே மரம் தெரியும், கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். அதைத் தாளில் கொண்டுவர, வெள்ளை மெழுகுவர்த்தியால் வரைந்து மேலே டிகாக்‌ஷன் பூசலாம். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது.

ஏற்காடு அம்மா:
டீச்சர், இன்னைக்குக் காலையில ஜன்னல்ல வரைஞ்சோம். பாப்பா ஒரு மாடு வரைஞ்சா. அது அழியறதுக்குள்ள அவ அப்பாவை எழுப்பிக் கூட்டிட்டு வந்து காட்டினா.

பசை விஷயத்துக்கு யாராவது வழி சொல்லுங்களேன். உப்பு மாவுல நட்சத்திரம் செஞ்சோம், மைதா ரெண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு. அடுப்பு மேல வச்சுக் காய வச்சப்ப கல்லு மாதிரி இருந்துச்சு. நாலு நாள்ல மறுபடி பிசுபிசுன்னு ஆயிடுச்சு.

அம்மாபேட்டை தாத்தா:
அம்மாடி, உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்துல உப்பு ஜாடி கசியறதைப் பார்த்ததில்லையா? மலையில மார்கழி முடியற வரைக்கும் உப்பு மாவு நிக்காது. அதை விட்டுடு.

நான் அம்மாபேட்டையில நாப்பது வருஷம் தறி ஓட்டினவன். பசையும் ஈரமும் எங்க தொழில்ல தினப்படி பிரச்சினை. தெருவுல பாவு, அதான் தறியில நீளவாக்குல போற நூலை, விரிச்சுக் கஞ்சி போடுறப்போ வானம் மூடிச்சுன்னா அன்னைக்கு வேலை போச்சு. மார்கழியில வெயில் ஏறி, பனி இறங்கினப்புறம்தான் பாவைத் தொடுவோம். அதனால சொல்றேன், பசையை மெலிசாக் காய்ச்சு, மெலிசாப் பூசு, வெயில் இருக்கிற நேரத்துல பூசு. கெட்டியாப் பூசினா மேல காஞ்ச மாதிரி தெரியும், உள்ளே ஈரம் நிக்கும், அங்கதான் பூஞ்சை புடிக்கும்.

சேலத்துல பொறந்துட்டு பசையைக் கடையில வாங்கணுமா? நம்ம ஊரு ஜவ்வரிசி ஊரு. மரவள்ளிக் கிழங்கு மாவு ஒரு கரண்டி எடுத்து, பச்சத் தண்ணி ஒரு டம்ளர்ல கட்டி இல்லாமக் கரை. மூணு டம்ளர் தண்ணி கொதிக்கறப்ப அதை ஊத்திக் கிண்டிட்டே இரு. பால் மாதிரி இருந்தது கண்ணாடி மாதிரி மாறும், அப்ப எறக்கிடு. கிழங்கு மாவு இல்லேன்னா ஜவ்வரிசியை ஊற வச்சுக் குழையக் காய்ச்சி வடிகட்டு. நாலு நாளைக்கு மேல வச்சுக்காதே, புளிச்சுடும். போஸ்டர் ஒட்டறவங்க கெடாம இருக்க மயில்துத்தம் போடுவாங்க. அது விஷம், பிள்ளைங்க கை வைக்கிற பசையில போடவே கூடாது.

பால்வாடி டீச்சர்:
வாழப்பாடி பக்கம் பால்வாடியில வேலை பார்க்கிறேன். எங்கிட்ட இருபத்திரெண்டு பிள்ளைங்க, செலவுக்குன்னு தனியா காசு கிடையாது. தாத்தா சொன்ன கிழங்குப் பசையைத்தான் நானும் காய்ச்சறேன். ஒரு குண்டானுக்கு அஞ்சு ரூபா ஆகாது. பிள்ளைங்க நக்கினாலும் பயம் இல்லை.

எங்க பிள்ளைங்களுக்கு மார்கழின்னா கோலம். கல்மாவு நான் கொடுக்க மாட்டேன், தூள் பறந்து மூக்குல போகும். பச்சரிசி மாவுதான். சின்னக் கைக்குக் கோடு இழுக்க வராது, அதனால புள்ளி மட்டும் நான் வைப்பேன், ஒவ்வொரு புள்ளி மேலயும் அவங்க ஒரு பூவோ கூழாங்கல்லோ வைப்பாங்க. வரிசைக்கு மூணு வீதம் மூணு வரிசை. எண்ணும் வந்துடும், கையும் நிதானப்படும். எறும்பு வந்து மாவைத் தின்னுட்டுப் போறதையும் உக்காந்து பார்க்கட்டும். சாணியில பிள்ளையார் புடிச்சு பரங்கிப்பூ வைக்கிறதுக்கு எல்லாரும் முன்னாடி ஓடி வருவாங்க. உருட்டறதுல அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். முடிஞ்சதும் சோப்புப் போட்டு ரெண்டு தடவை கை கழுவ வைப்பேன்.

மஞ்சள் தண்ணி விளையாட்டும் செய்யுங்க. தாள்ல மஞ்சள் கரைச்சுப் பூசிக் காய வச்சுடுங்க. சோடா உப்பைத் தண்ணியில கரைச்சு, அதுல குச்சியை நனைச்சு வரையச் சொல்லுங்க. கோடு செவப்பா வரும். அது மேல எலுமிச்சைச் சாறு தொட்டா மறுபடி மஞ்சள். ஆரத்தித் தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்குதே, அதேதான். ஆனா பிள்ளைங்ககிட்ட சுண்ணாம்பு கொடுக்காதீங்க, கண்ணுல பட்டா புண்ணாக்கிடும்.

குகை அப்பா:
கார்த்திகைக்குக் களிமண்ல அகல் செஞ்சோம், ஆறுல நாலு விரிசல் விட்டுடுச்சு. என்ன தப்பு பண்ணினோம்?

பால்வாடி டீச்சர்:
வெயில்ல வச்சீங்களா தம்பி? நிழல்லதான் காயணும். விளிம்பு மெலிசா, அடி கனமா இருந்தாலும் விரிசல் விடும், ஏன்னா விளிம்பு முதல்ல காஞ்சு சுருங்கும், அடி சுருங்காது. எல்லா இடமும் சுண்டுவிரல் கனம் இருக்கணும். ஈரத்துணி போட்டு ஒரு நாள் மூடி வச்சு, அப்புறம் திறந்து விடுங்க. கீழ சேலத்துல நாலு நாள், மலையில ஒரு வாரம் ஆகும். சுடாத அகல் எண்ணெயைக் குடிக்கும். அதனால கடை அகலை அதுக்குள்ள வச்சு ஏத்துங்க. இல்லேன்னா அரிசி மாவும் வெல்லமும் பிசைஞ்சு மாவிளக்கு செய்யச் சொல்லுங்க, விளக்கு மலையேறினதும் சாப்பிட்டுடலாம்.

குகை அப்பா:
நன்றி அக்கா. வெயில்லதான் வச்சிருந்தேன்.

போன ஞாயித்துக்கிழமை ஏற்காடு போயிட்டு வந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவையும் பையன் போர்டைப் பார்த்து எண்ணிட்டே வந்தான். வீட்டுக்கு வந்து ஒரு முழ அட்டையில தடிமனான சணல் கயிறைப் பசையில நனைச்சு வளைச்சு வளைச்சு ஒட்டினான். பதினாலாவது வளைவுல அட்டை தீர்ந்துடுச்சு. இன்னொரு அட்டையைச் சேர்த்து ஒட்டினோம். கீழ ரெண்டு காபிக்கொட்டை வச்சு அதுதான் எங்க பைக்காம். மேல பஞ்சு வச்சு மேகமாக்கினான். பஞ்சும் வேலைக்கு ஆச்சு!

அம்மாபேட்டை தாத்தா:
அஞ்சு வயசு ஆன பிள்ளைங்களுக்கு நான் ஒண்ணு சொல்லித் தரேன். வீட்டுல பழைய கல்யாணப் பத்திரிகை கிடக்கும், நல்ல கெட்டி அட்டையா எடுத்துக்க. மேலயும் கீழயும் விரற்கடை விட்டு விரற்கடை ஒன்பது வெட்டு போடு. அந்த வெட்டுல நூலை மேலயும் கீழயும் சுத்தினா அதான் பாவு. ஐஸ் குச்சியில துளை போட்டு வேற நிற நூல் கோத்தா அது ஊடை. ஒரு இழைக்கு மேல, ஒரு இழைக்குக் கீழ. திரும்பி வர்றப்போ மாத்திப் போகணும். "மேல போ, கீழ போ"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டே நெய்யச் சொல்லு, கை தானா பழகும்.

ரெண்டு விஷயம் கவனி. பாவை ரொம்ப இழுத்துக் கட்டினா அட்டை வளையும். ஊடையை இழுத்து விட்டா கரை உள்ளே வாங்கி, துணி நடுவுல இடுப்பு மாதிரி ஒடுங்கிடும். ஊடையைக் கொஞ்சம் வளைச்சுத் தளர விட்டு, அப்புறம் சீப்பால தட்டணும். கழிவு நூல் அம்மாபேட்டையிலயும் பொன்னம்மாபேட்டையிலயும் தறிக்காரங்க வீட்டுல கேட்டாக் கொடுப்பாங்க. ஒரு நாளைக்கு நாலு வரிசை போதும். பிள்ளை சலிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்திடு, நாளைக்கு அதுவே கேட்டு வரும்.

ஓவிய டீச்சர்:
ஐயா எழுதியதை அப்படியே எடுத்து வகுப்பில் செய்தேன். ஒன்பது பேரில் ஏழு பேருக்கு மூன்றாம் நாள் கை வந்துவிட்டது. எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு பையன் இருபது நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். மூங்கில் பட்டை பிள்ளைகள் கையைக் கிழிக்கும். தென்னை ஈர்க்குச்சி ஐந்தை நட்சத்திரமாக நாம் கட்டிக் கொடுத்துவிட வேண்டும், பட்டக் காகிதத்தைக் கிழித்து ஒட்டுவது அவர்கள் வேலை. உள்ளே மெழுகுவர்த்தி வேண்டாம், சின்ன பேட்டரி விளக்கு வைக்கலாம். ஏற்காட்டு மூடுபனியில் அதைத் தொங்கவிட்டால் வெளிச்சம் சுற்றிலும் வட்டமாகப் படரும்.

ஏற்காடு அம்மா:
பொங்கல் முடிஞ்சு இப்பதான் உக்கார நேரம் கிடைச்சுது. போகிக்கு முந்தின நாள் சேலம் கடைவீதியில, வீட்டுல காப்புக் கட்டுறதுக்கான பூவும் இலையும் வாங்கப் போனோம். ஆவாரம்பூ, வேப்பிலை, பூளைப்பூ. பாப்பா பூளைப்பூவைக் கன்னத்துல தேய்ச்சுப் பார்த்துட்டு, "அம்மா, பனி!"ன்னா. வெள்ளையா, பஞ்சு மாதிரி, இந்த நேரத்துல நம்ம காட்டுலயும் மேட்டுலயும் தானா முளைச்சுக் கிடக்கிறது. நான் சொல்லித் தரவே இல்லைங்க.

காப்புக்கு வச்சது போக மிச்சத்தை எடுத்து அவளே ஒரு தாள்ல கிழங்குப் பசை தடவி ஒட்டினா. டிகாக்‌ஷன்ல மலை, அது மேல பூளைப்பூப் பனி, மூலையில கயிறு மாதிரி ஒரு ரோடு. மதியம் வெயில்ல ஒட்டி அடுப்புக்கு மேல பரண்ல வச்சோம், தாத்தா சொன்ன மாதிரி மெலிசாத்தான் பூசினோம். ஒரு வாரம் ஆச்சு, ஒரு புள்ளி விழலை. ஸ்கூல் தாளுக்கு அதையே கொடுத்தனுப்பினேன். மிஸ் வகுப்புல மாட்டியிருக்காங்களாம்.

அம்பது பைசா அஞ்சலட்டையில இன்னொண்ணு செஞ்சு ஆத்தூர்ல இருக்கிற அவ பாட்டிக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்பினா. பூளைப்பூ தபால்ல உதிர்ந்துடும்னு அதுல இலை தேய்ச்சுதான் வரைஞ்சோம். பாட்டி போன் பண்ணி, "இது யாரு செஞ்சது?"ன்னு கேட்டாங்க. ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். பாப்பா, "நானு"ன்னு கத்தினா.

நெசவும் ஆரம்பிச்சுட்டோம் தாத்தா. இன்னும் அஞ்சு வயசு ஆகலை, ஆனா கேட்டுட்டே இருக்கா. ஆறு வரிசை வந்திருக்கு. மூணாவது வரிசையில ரெண்டு இழை சேர்ந்து தப்பியிருக்கு. அவிழ்த்துட்டு மறுபடி போடச் சொல்லவா?

அம்மாபேட்டை தாத்தா:
வேண்டாம் கண்ணு, அவிழ்க்காதே. அடுத்த வரிசையைச் சரியாப் போட்டுட்டா அந்தத் தப்பு துணியைக் கெடுக்காது. பத்து வரிசை ஆனதும் சொல்லு, கரைக்கு நூல் மாத்தறது எப்படின்னு எழுதறேன். சிவப்பு நூல் ஒரு கண்டு எடுத்து வச்சுக்க.